நடுவில் வைத்த போர்டு

எல்லாரும் நலமா? இருமல், சளி, முழங்கால் வலி எல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கிறதா? இங்கே பத்து நாளாக விடாத மழை. துவைத்த துணி காயவில்லை, உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொண்டது, கதவெல்லாம் ஊதிப் போய் ஒரு உதை உதைத்தால்தான் திறக்கிறது. மற்றபடி குறை இல்லை. இந்த மழையோடு மழையாக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது மாடியில். கீழே ஒரு அப்பாவும் மகளும். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துத்தான் நடப்பார், எந்த நேரமும் டிரைவர் பிரேக் போடுவான் என்பது போல. மகள் பெரியவள். சின்னவள் என்று இன்னொருத்தியும் உண்டு, ஆனால் அவள் அந்த வீட்டில் இல்லை. அவள் அங்கே இல்லை என்பதுதான் இந்தக் கதை.

பெரியவள் பார்க்கிற வேலை கொஞ்சம் வினோதமானது. டிவி, ரேடியோ, விளக்கு எதைப் பிரித்தாலும் உள்ளே பச்சையாக ஒரு பலகை இருக்குமில்லையா, அதை போர்டு என்பார்கள். அந்த போர்டை வரைகிறவர்கள் வேறு, செய்கிற ஃபேக்டரி வேறு. இவள் இரண்டுக்கும் நடுவில். ஃபேக்டரியில் பெரிய தகடாகத்தான் செய்வார்கள். ஒருத்தருக்கு உள்ளங்கை அகலத்தில் நாலு போர்டுதான் வேண்டும் என்றால் அதற்காக ஒரு முழுத் தகட்டை ஓட்ட மாட்டார்கள். அதனால் இவள் பல பேருடைய சின்னச் சின்ன போர்டுகளை வாங்கி, ஒரே தகட்டில் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் ஒரு சட்டம் கட்டி, ஒரே ஃபைலாக ஃபேக்டரிக்கு அனுப்புவாள். அதற்குப் பேனல் போடுவது என்று பெயர்.

எனக்கு இது முதலில் விளங்கவே இல்லை. கண்டக்டர்தான் விளக்கினார்.

"மாடியம்மா, இது ஒரு பஸ்ஸு. ஒரு ஆளுக்காக எவனாவது வண்டி எடுப்பானா? பத்துப் பேர் சேரணும். சேர்ந்தாச்சுன்னா உள்ள போ, உள்ள போன்னு நெருக்கி நிக்க வைக்கணும். கண்ணாடி வேணும், ஏசி வேணும்னு தனித்தனியாக் கேக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே தடிமன், ஒரே பச்சை. ஏறின எல்லாரும் ஒரே ஸ்டாப்புல இறங்கணும். அவ்வளவுதான்."

"அப்பா, போதும்பா. அவங்க டிக்கெட் கேட்டுடப் போறாங்க" என்பாள் பெரியவள்.

ஃபேக்டரியிலிருந்து தகடு திரும்பி வந்ததும் அதைப் பிரித்து, ஓரத்தைத் தேய்த்து, அவரவர் போர்டை அவரவருக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குத்தான் நான் இறங்கிப் போவேன். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை. பிரிப்பதில் இரண்டு விதம். நேர் விளிம்பு உள்ள போர்டுகளுக்கு நடுவே தகட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கீறல் போட்டிருக்கும். வி-கட் என்பார்கள். மேசை விளிம்பில் வைத்து ஒரு மடக்கு மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். வளைந்த விளிம்பு உள்ளவற்றைச் சுற்றிப் பள்ளமாகக் குடைந்து, அங்கங்கே பொடித் துளை போட்ட ஒரு துண்டில் மட்டும் தொங்க விட்டிருப்பார்கள். அதை இடுக்கியால் கடித்து எடுக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷில் எலிக்கடி என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பெயராம். அதைக் கேட்ட நாளிலிருந்து கண்டக்டர், "இன்னிக்கு எலி கடிச்ச சரக்கு எவ்வளவு?" என்று கேட்காமல் டீ குடித்ததில்லை.

தேய்க்கிறபோது பறக்கும் தூசி பொல்லாதது. கண்ணாடி நார். கையில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். ஈரத்துணி விரித்து அதன்மேல்தான் தேய்க்க வேண்டும், பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் நார் இன்னும் உள்ளே இறங்கிவிடும். இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது அந்த வீட்டு அம்மா. எனக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்து உடைத்தவள் அவள்தான். இப்போது அவள் இல்லை.

அவள் படுக்கையில் விழுந்த சமயத்தில்தான் சின்னவளுக்கு வேறு ஊரில் போர்டு வரைகிற வேலை கிடைத்தது. அதுவரை அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேனல் போட்டவர்கள். "போடி, நான் என்ன இன்னிக்கே போயிடப் போறேனா" என்று அம்மாதான் அனுப்பி வைத்தாள். கடைசியில் அவள் சொன்ன சொல்லை அவளே காப்பாற்றவில்லை. சின்னவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் பையோடு நின்றவளைப் பார்த்துப் பெரியவள் சொன்னது எனக்கு மாடிப்படி வரை கேட்டது.

"இப்ப எதுக்கு வந்த? வேலை இருக்குல்ல, போ. போய் அதையே பாரு. இனிமே எங்களக் கூப்பிடாத."

துக்கத்தில் பேசுகிற நாக்குக்கு எலும்பு ஏது? நாலு நாள் இருந்தாள், போனாள். கூப்பிடாதே என்று அக்கா சொன்னாளா, கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்து எந்தச் சொல்லையும் கேட்காதவள் இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டாள். ஒரு மாதம் பொறுத்து இவளே வீறாப்பை விட்டுக் கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. வேலையும் மாறிவிட்டாளாம்.

"நான் கூப்பிடாதன்னுதானே சொன்னேன் மாடியம்மா? நம்பர மாத்துன்னா சொன்னேன்?"

இதை எத்தனையோ தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். அரத்தை எடுத்து ஓரத்தைத் தேய்ப்பேன். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இந்த மழை ஆரம்பித்த அன்று காலை. நான் கீழே போனபோது கண்டக்டர் ஜன்னல் ஓரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெரியவள் கம்ப்யூட்டர் முன்னால். திரையில் பேனல் பாதி நிரம்பியிருந்தது. மீன் தொட்டிக்கு விளக்குப் போடுகிற ஒருத்தருடைய போர்டு, தையல் மிஷின் மோட்டார்க்காரருடையது, யாரோ காலேஜ் பையன்களுடையது. இன்னும் ஒன்று சேர்ந்தால் வண்டி கிளம்பும்.

அந்த ஒன்று ஏஜென்ட்டிடமிருந்து வந்தது. ஏஜென்ட் என்பவர் ஊர் ஊராக ஆர்டர் பிடித்து இவளிடம் தருகிறவர். வரைந்தவர்களையும் இவளையும் மட்டும் ஒருபோதும் பேச விட மாட்டார். பேசிவிட்டால் நடுவில் தனக்கென்ன வேலை என்ற பயம்.

ஃபைலைத் திறந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். நான் டீயை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. மூலை எல்லாம் வளைச்சிருக்கு."

எட்டிப் பார்த்தேன். சோப்புக்கட்டி மாதிரி நாலு மூலையும் மழுங்கலாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய வட்டம், ஏதோ பட்டன் உட்காருகிற இடம்.

"வளைச்சா என்ன? அழகாத்தானே இருக்கு?"

"வளைச்சா வி-கட் போட முடியாது. சுத்திக் குடையணும். யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க. சதுரமா விட்டுட்டுப் போயிடுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கரண்ட் ஓடுற செம்புக் கோடு திரும்புற இடம் பாருங்க. எல்லாரும் மடக்கு மடக்கா ஒடிப்பாங்க. இது தண்ணி மாதிரி வளைஞ்சு போகுது" என்றாள்.

எனக்குத் தகடும் கோடும் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அவள் குரல் போன போக்கு எனக்குத் தெரியாதா? கண்டக்டர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏஜென்ட்டுக்குப் போன் போடு" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கோ. மூலைய நேராக்கலாமான்னு கேளு. அது உன் வேலைதானே?"

உண்மைதான். அடுத்தவர் வரைந்ததில் ஒரு மயிரிழை மாற்றுவதென்றாலும் கேட்காமல் மாற்றக் கூடாது என்பது இவர்கள் தொழிலில் கட்டளை. போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஏஜென்ட் எப்போதும் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் மாதிரியே பேசுவார்.

"சொல்லுங்க மேடம்! பேனல் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல சார். இப்ப அனுப்பினீங்களே, அதுல மூலைய நேராக்கிக்கலாமா? நேரா இருந்தா வி-கட்ல முடிச்சிடலாம்."

"அது ஏதோ படுக்கையில கிடக்கிறவங்க ஆள் கூப்பிடறதுக்கு அமுக்குற பெல்லு மேடம். மூலை எப்படி இருந்தா என்ன? இருங்க, கேட்டுட்டு வரேன்."

பத்து நிமிஷம் இருக்கும். பிறகு போன் அடித்தது.

"மேடம், அந்தப் பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது. ரொம்பப் பிடிவாதம். மூலை வளைவாத்தான் இருக்கணுமாம்."

"ஏனாம்?"

"சிரிக்காதீங்க. போர்டை உடைக்கிறவங்க கையில குத்துமாம். எவன் உடைச்சா உனக்கென்னம்மான்னு கேட்டேன். மறுபடி அதையே சொல்லுது."

பெரியவள் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வீட்டு அம்மாவின் விரல் ஞாபகம் வந்தது. சதுர மூலை குத்திக் குத்திக் கட்டைவிரலில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். "மூலைய வளைச்சுத்தான் விடுங்களேன்டி, என் கை என்ன இரும்பா?" என்று இரண்டு பெண்களையும் திட்டுவாள். சின்னவள் அன்றிலிருந்து தான் வரைகிற எதையும் மழுக்காமல் விட்டதில்லை. பெரியவள் மட்டும், "இடம் வீணாகும்மா" என்பாள்.

"சார், அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றார் கண்டக்டர் திடீரென்று, போனுக்குப் பக்கத்தில் வந்து.

"யாரு, பெரியவரா? பேரு கேப்பீங்க, அப்புறம் நம்பர் கேப்பீங்க. என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க சாமி." போனை வைத்துவிட்டார்.

கண்டக்டர் போனையே பார்த்தபடி, "அவதானே?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாதா?"

"அப்பா, வெங்காயத்த உரிங்க."

"உரிச்சாச்சு. அதான் கண்ணு எரியுது" என்றார் அவர். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று முழுவதும் பெரியவள் அந்தப் பேனலோடு மல்லுக்கட்டினாள். முதலில் பெல் போர்டு நாலையும் ஓரத்தில் வைத்திருந்தாள். நான் மத்தியானம் தட்டு எடுக்கப் போனபோது நடுவுக்கு நகர்த்தியிருந்தாள். சாயங்காலம் பார்த்தால் மறுபடி நடுவிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி.

"ஏம்மா இந்த நாலையும் மட்டும் தூக்கித் தூக்கி வைக்கிற? ஓரத்துல இருந்தா என்ன?"

"ஓரத்துல செம்பு ஒரு மாதிரி ஏறும், ஒரு மாதிரி ஏறாது மாடியம்மா. நடுவுலதான் சீராப் படியும்."

"ஜன்னல் சீட்டு" என்றார் கண்டக்டர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. எப்போது மறுபடி போகுமோ என்று அவசரமாக ஃபைலை அனுப்பிவிட்டு, முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறார்களோ என்று கேட்கலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தகடு வந்தது. மழை அப்போதும் விடவில்லை. பார்சல் அட்டை நனைந்து கூழாகியிருந்தது, உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்ததால் சரக்கு தப்பியது. ஈரத்துணியை விரித்தேன். பெரியவள் போட்டுக்கொண்டிருந்த டீயை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள். முதலில் எதைத் தொடுவது என்று தெரியாதவள் மாதிரி தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள்.

என் கை பழகிய கை. கண்ணால் பார்க்கவே தேவையில்லை, விரல் கீறலைத் தேடிப் போய்விடும். மேசை விளிம்பில் வைத்தேன், மடக்கினேன். உடைந்தது. ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பிஸ்கட் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தால், அந்தச் சோப்புக்கட்டி போர்டு நாலும் வயிற்றோடு இரண்டாகப் போயிருந்தன. பட்டன் உட்காருகிற வட்டம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

"ஐயோ, நான் உடைச்சுட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

பெரியவள் கரண்டியோடு ஓடி வந்தாள். துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"நீங்க இல்ல மாடியம்மா. கோடு இது மேலதான் போயிருக்கு. நான் போட்ட கோடு."

விஷயம் இதுதான். வி-கட் என்பது பாதியில் நிற்காது. தகட்டின் இந்த ஓரத்தில் புறப்பட்டால் அந்த ஓரம் போய்த்தான் நிற்கும், வழியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. மீன் தொட்டிக்காரர் போர்டுக்கும் தையல் மிஷின்காரர் போர்டுக்கும் நடுவே போட்ட கோடு நேராக வந்திருக்கிறது. பெல் போர்டுகள் ஓரத்தில் இருந்தவரை அது அவற்றைத் தொடவில்லை. நல்ல இடம் என்று நடுவுக்குத் தூக்கி வைத்தாளே, அப்போது கோட்டின் மேலேயே வைத்துவிட்டாள். ஃபேக்டரிக்காரன் கேட்பானா? கோடு போட்டிருந்தால் வெட்டுவான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கி நான் பார்த்ததே இல்லை. உடைந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சேர்த்துப் பிடித்தாள். ஒட்டுமா?

"மத்தவங்களோடது?" என்றார் கண்டக்டர்.

"எல்லாம் நல்லா இருக்கு. இது மட்டும்தான்."

ஏஜென்ட்டிடம் சொன்னாள். அவர் குதித்த குதியில் போனே அதிர்ந்தது.

"என்ன மேடம் விளையாடறீங்களா? ஆஸ்பத்திரிக்குச் சாம்பிள் காட்டணும்னு அந்தப் பொண்ணு தினம் கேக்குது. இப்ப நான் போய் என்ன சொல்ல? வாங்கிக் கட்டிக்கிறதுக்கு நானா? ஆர்டர் வந்தப்ப நான் நடுவுல இருந்தேன், சரி. திட்டு வாங்கறதுக்கு நான் நடுவுல இருக்க மாட்டேன். நம்பர் அனுப்பறேன். நீங்களாச்சு, அவங்களாச்சு."

டிங் என்று ஒரு சத்தம். நம்பர் வந்துவிட்டது.

மூன்று வருஷமாக மூன்று பேரும் எதற்காக ஏங்கினோமோ அது மேசைமேல், தூசித் துணிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. அடுப்பில் டீ சுண்டிப்போன வாசனை வந்தது. நான்தான் போய் அணைத்தேன். நான் திரும்பி வந்தும் போன் அங்கேயே கிடந்தது.

"அமுக்கு" என்றார் கண்டக்டர்.

"நீங்க பேசுங்கப்பா."

"எனக்குப் பேனலப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க பொண்ணப் பத்தித் தெரியும்ல?"

"உன் தங்கச்சியப் பத்தி உனக்குத் தெரியாதா? கெடுத்தது யாரு, நானா? கெடுத்தவதான் பேசணும்."

"சாமான் கெட்டதச் சொல்றீங்களா, வேற எதாவதா?"

"ரெண்டையும்தான்."

இப்படியே விட்டால் மழை நின்றாலும் இவர்கள் நிற்க மாட்டார்கள் என்று, "யாராவது பேசுங்க, இல்லன்னா நான் பேசிடுவேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியும்ல?" என்றேன். அந்தப் பயத்தில்தான் அமுக்கினாள். கை தூசியாக இருந்ததால் மேசைமேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ" என்றது அந்தப் பக்கம். அவள்தான். கொஞ்சம் கனத்திருந்தது குரல். அவ்வளவுதான்.

பெரியவள் தொண்டையைச் செருமினாள். "பேனல் போடற இடத்துலேருந்து பேசறோம்."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லுங்க."

சொல்லுங்க! ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், வாங்க போங்க போட்டுப் பேசுகிறார்கள்.

"உங்க போர்டு நாலும் போயிடுச்சு. வி-கட் மேல ஏறிடுச்சு. எங்க தப்புதான். மறுபடி போட்டுத் தந்துடறோம்."

"எப்படி ஏறும்? அது ஓரத்துல வைக்கிற சைஸுதானே?"

"ஓரத்துலதான் இருந்துச்சு. நான்தான் நடுவுல வச்சேன்."

"ஏன்?"

பெரியவள் உடைந்த துண்டை நகர்த்தி வைத்தாள். கண்டக்டர் கையால், சொல்லு சொல்லு என்று சைகை காட்டினார், பின்வாசல் வழியாக ஆளை ஏற்றுகிற மாதிரி.

"நடுவுலதான் செம்பு சீராப் படியும்."

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். போகவில்லை.

"லூசு" என்றாள் சின்னவள்.

அந்த ஒரு வார்த்தையில் வாங்க போங்க எல்லாம் உடைந்து விழுந்தது. பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அதுவரை நின்றுகொண்டே பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"போர்டைப் பாத்ததுமே எனக்குத் தெரியும்டி, நீதான்னு" என்றாள் பெரியவள்.

"எனக்கு மட்டும் தெரியாதா? அந்த ஏஜென்ட் உன்னத் தவிர யார்கிட்டக் குடுப்பாரு? தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"அதுக்கு நேரா ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீதானே கூப்பிடாதன்ன?"

"கூப்பிடாதன்னுதான் சொன்னேன். நம்பர மாத்துன்னா சொன்னேன்?"

மூன்று வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, கேட்க வேண்டியவளிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் மழை போல. தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"அதே நம்பர் இருந்தா, நீ கூப்பிட்டியா கூப்பிட்டியான்னு நாளைக்கு நூறு தடவ பாத்துட்டே இருக்கணும். வேற நம்பர்னா, கூப்பிட்டிருப்ப, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சுக்கலாம்ல? அதான்."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தூசிக் கை. நான் ஈரத்துணியின் சுத்தமான மூலையைப் பார்த்துக் கொடுத்தேன்.

"கூப்பிட்டேன்டி" என்றாள் துணிக்குள்ளிருந்து. "அம்மாவோட முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் கூப்பிட்டேன்."

இந்த மாதிரி சமயத்தில் யாராவது இருமினால்கூடப் பாவம் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இருமிவிட்டார்.

"அப்பா அங்க இருக்காரா?"

"இருக்கேன்" என்றார் அவர். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "மழையில நனையாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அங்கே துடைக்கிற சத்தம் கேட்டது, மூக்கையா கண்ணையா தெரியாது.

சின்னவளுக்கும் அதற்குமேல் தாங்கவில்லை போல. குரலை வேலை பேசுகிறவள் மாதிரி ஆக்கிக்கொண்டாள். "சரி. எனக்குச் சாம்பிள் வேணும். அடுத்த பேனல் எப்ப?"

"இன்னிக்கே போடறேன். மூணு பேரோடது காத்துட்டிருக்கு."

"போட்டதும் அனுப்பாத. எனக்கு முதல்ல அனுப்பு. உன் பேனல இப்ப யாரு பாக்கறாங்க?"

"யாரும் இல்ல."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்தி அடுக்கினால் இன்னொருத்தி ஒவ்வொரு வெட்டுக் கோட்டின் மேலும் விரலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓட்டிப் பார்ப்பாள். அடுக்கினவள் கண்ணுக்குத் தன் தப்புத் தெரியாது. தங்கை போன பிறகு பெரியவள் தானே அடுக்கித் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை ஓசை.

"அனுப்பு" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பெரியவளும் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எனக்கென்றால் நாக்கு நமைச்சல் தாங்கவில்லை, என்னடி இது, கல்யாணம் ஆச்சா, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறாள், ஒன்றுமே கேட்கவில்லையே என்று. பெரியவள் காதில் எதுவும் ஏறவில்லை. உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பேனல் போயிருந்தது, தங்கைக்கு. பெரியவள் போனைப் பார்த்தபடி பிளேடால் மேசையில் ஒட்டியிருந்த பழைய பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கவில்லை, ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

போன் அடித்தது. இந்தத் தடவை கூப்பிட்டது அவள்.

"பாத்தேன்" என்றாள் சின்னவள். "நீயும் திறந்து வச்சுக்கோ. ஒண்ணு ஒண்ணாச் சொல்றேன். மேல முதல் கோடு."

பெரியவள் திரையில் விரலை வைத்தாள். "சட்டத்துக்கும் கடிகாரக்காரர் போர்டுக்கும் நடுவுல."

"எதையும் தொடல. சரி. ரெண்டாவது?"

"கடிகாரத்துக்குக் கீழ."

"சரி. என்னோடத எங்க வச்சிருக்க?"

"அதே நடுவுலதான்."

"மறுபடியுமா?"

"அந்த வரிசையில வி-கட்டே போடல. எல்லாத்தையும் குடையச் சொல்லிட்டேன். என் இஷ்டம், நீ கோட்ட மட்டும் பாரு."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. மூன்றாவது கோடு சரி. நாலாவது சரி. ஒவ்வொன்றுக்கும் பெரியவள் விரல் திரையில் மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போயிற்று. எந்த ஊரிலோ இன்னொரு திரையில் இன்னொரு விரலும் அப்படித்தான் போயிருக்கும். ஐந்தாவது கோடு கீழ்ச் சட்டம்.

"சரி" என்றாள் சின்னவள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கோடு தீர்ந்துவிட்டது. இனி ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டியதுதான், போனை வைக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் வைக்கவில்லை. மழை இரண்டு ஊரிலும் பெய்துகொண்டிருந்தது.

"அக்கா."

"ம்."

"எதுக்கும்... முதல்லேருந்து இன்னொரு தடவ பாத்துடலாமா?"

பெரியவள் விரலை எடுத்து மேலே, முதல் கோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். நான் சத்தம் போடாமல் எழுந்து, உதைக்காமல் கதவைத் திறந்து, மாடிக்கு வந்துவிட்டேன்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். அவள் வருவாளா என்று எனக்கும் தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொல்லில் நின்றுபோன பேச்சு இருக்குமே? யார் முதலில் வாயைத் திறந்தது, எதைச் சாக்காக வைத்துத் திறந்தது, அதை எனக்கு எழுதுங்கள். கூட்டாமல் குறைக்காமல், அவர்கள் பேசிய மாதிரியே எழுதுங்கள். மழை விடுகிற மாதிரி இல்லை. படித்துக்கொண்டிருப்பேன்.